சிவப்புக் கோட்டில் நிறுத்திய கார்

போன மாதம் மாமா தன்னுடைய பழைய புரோட்டோன் சாகாவை விற்றார். பெயர் மாற்றுவதற்கு முன்னால் காரை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொண்டு போக வேண்டும். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதனால் ஒரு சனிக்கிழமை காலை ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த் போனேன். "டேய், டேஷ்போர்டுல கெடக்குற குப்பையெல்லாம் எடுத்துடு. வாங்குறவன் பார்த்தா என்ன நெனப்பான்" என்று வாசலில் நின்றபடி சொன்னார்.

டேஷ்போர்டுக்குள் எழுத்து மங்கிப்போன டோல் ரசீதுகள், கோயில் விபூதிப் பொட்டலம், இரண்டு பழைய இன்சூரன்ஸ் காகிதங்கள். அவற்றுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் நான்காக மடித்த ஒரு தாள். பிரித்துப் பார்த்தேன். சிங்கப்பூரில் ஓர் அபராதம் கட்டியதற்கான ரசீது. 'பி' என்று தொடங்கும் எங்கள் பினாங்கு நம்பர் பிளேட். குற்றம்: மாதச் சந்தா வைத்திருப்பவர்களுக்கான இடத்தில் வண்டி நிறுத்தியது. குற்றம் நடந்த நாள்: 1 செப்டம்பர் 2018. பணம் கட்டிய நாள்: 2019 டிசம்பரில் ஒரு நாள்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அந்தக் காரை ஓட்டியவன் நான்.

*

அப்போது நான் நிபோங் திபாலில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். தேசிய தினம் வெள்ளிக்கிழமை வந்ததால் நீண்ட விடுமுறை. கூடப் படித்த நண்பன் ஒருவனின் அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் கல்யாணம். நான்கு பேர் கிளம்பினோம். கார் மாமாவுடையது. அவர் மகள் அங்கே நர்ஸாக வேலை பார்ப்பதால் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அவர் அந்தக் காரில் போய் வருவார். ஆட்டோபாஸ் கார்டெல்லாம் தயாராக இருந்தது. யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்: இந்தக் கார் என்னுடையது, ஓட்டுவது என் அக்கா மகன், அவனுக்கு என் அனுமதி உண்டு. கீழே கையெழுத்து.

ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர். சனிக்கிழமை இரவு யீஷூனில் நண்பனின் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீவக அடுக்குமாடிக்குக் கீழே பார்க்கிங்கில் இரண்டு வகைக் கோடுகள். வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் யாரும் நிறுத்தலாம். சிவப்புக் கோடு போட்டது, மாதாமாதம் சந்தா கட்டும் குடியிருப்பாளர்களுக்கு. வெள்ளையில் இடம் இல்லை. சிவப்பில் ஒன்று காலியாக இருந்தது, அதுவும் லிஃப்டுக்குப் பக்கத்திலேயே. "காலைல எடுத்துரலாம் மச்சான்" என்றான் ஒருவன். நிறுத்தினேன்.

காலையில் வைப்பருக்கு அடியில் காகிதம். "பினாங்கு வரைக்கும் வந்தா கேக்கப் போறான்?" என்று ஒருவன் சிரித்தான். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பாகோ ஓய்விடத்தில் நாசி லெமாக் பொட்டலத்தோடு அந்தக் காகிதத்தையும் குப்பைத் தொட்டியில் போட்டேன். போட்ட கையோடு மறந்தும் போனேன். ஏழு வருஷத்துக்கும் மேல் அது என் வாழ்க்கையில் இல்லவே இல்லை.

ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தபோது முதலில் தோன்றியது வெட்கம் இல்லை. வாதம். 'எல்லாரும் செய்றதுதானே' என்று மனசு உடனே வக்கீல் கோட்டை மாட்டிக்கொண்டது. அதன் வாதங்களை இங்கே ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க நினைக்கிறேன். நம்மில் பலருக்கும் அதே வக்கீல்தான் ஆஜராகிறார் என்று சந்தேகம்.

*

முதல் வாதம்: அவர்களால் என்னைப் பிடிக்க முடியாது.

சட்டப்படி இதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு நாட்டின் நீதிமன்றம் இன்னொரு நாட்டின் தண்டனைச் சட்டத்தைத் தானாக நிறைவேற்றித் தராது என்பது ஆங்கிலேயச் சட்ட மரபின் பழைய கொள்கை. மலேசியாவும் சிங்கப்பூரும் அந்த மரபில் வந்தவை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் போக்குவரத்துக் குற்றம் செய்த வண்டியின் உரிமையாளர் விவரத்தைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள 2015இல் ஒரு பொது விதியே போட்டுக்கொண்டன. ஆனால் பொதுவாக, ஒரு சிறிய பார்க்கிங் அபராதம் எல்லைக் கோட்டில் வந்து நின்றுவிடும்.

நின்றுவிடும் என்றால் செத்துவிடும் என்று அர்த்தமில்லை. அங்கேயே காத்துக்கொண்டிருக்கும். சிங்கப்பூரில் அபராதம் கட்டாமல் விட்டால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். நீதிமன்றத்துக்கும் வராவிட்டால் பிடியாணை பிறப்பிக்கலாம். 2019 மே 1 முதல் இன்னொன்றும் சேர்ந்தது. கட்டாத அபராதம் உள்ள வெளிநாட்டு வண்டிகளை எல்லையிலேயே திருப்பி அனுப்பலாம் என்று சிங்கப்பூர் அறிவித்தது. போக்குவரத்துக் குற்றம், பார்க்கிங், புகை எல்லாம் இதில் அடக்கம். இப்போது நாமும் அதைத்தான் செய்கிறோம். ஜொகூர் வழியாக வரும் சிங்கப்பூர் வண்டிகளுக்கு நுழைவு அனுமதிப் பதிவு வேண்டும் என்ற விதியை 2025 ஜூலை 1 முதல் கறாராக அமல்படுத்துகிறது மலேசியா. பதியாமல் வந்தால் 300 வெள்ளி அபராதம், நாட்டைவிட்டு வெளியேறுமுன் கட்டியாக வேண்டும்.

ஆனால் இந்த விவரமெல்லாம் மாட்டுவேனா மாட்டேனா என்ற கணக்குக்குத்தான் உதவும். செய்தது சரியா என்ற கேள்விக்கு உதவாது. பிளேட்டோ சொன்ன கதையில் கைகெஸ் என்கிற இடையனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கும். அதைத் திருப்பினால் ஆள் மறைந்துவிடுவான். மறைந்த மனிதன் எதற்காக நேர்மையாக இருக்க வேண்டும் என்பது அங்கே எழும் கேள்வி. வெளிநாட்டில் ஓட்டும் நம் நம்பர் பிளேட் ஏறக்குறைய அந்த மோதிரம்தான். கேமராவுக்குத் தெரியும், ஆனால் அந்த எண்ணிலிருந்து ஆளைப் பிடிக்க வழியில்லை.

இந்த மோதிரத்தை நிஜ மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. நியூயார்க்கில் ஐக்கிய நாட்டு அலுவலகங்களில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தூதர்களுக்கு சட்ட விலக்கு உண்டு, அதனால் பார்க்கிங் அபராதத்தை அவர்களிடம் வசூலிக்க முடியாது. ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகெல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அந்தக் கணக்கை எடுத்தார்கள். 1997 முதல் 2002 வரையிலான ஐந்து ஆண்டுகளில் கட்டாமல் விட்ட சீட்டுகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், தொகை 1 கோடியே 80 லட்சம் டாலருக்கும் மேல். ஆள் கணக்கில் குவைத் முதலிடம். நார்வே, சுவீடன், ஜப்பான் தூதர்களிடம் கட்டாத சீட்டு ஒன்றுகூட இல்லை. யாருக்கும் தண்டனை கிடையாது என்ற ஒரே நிலைமையில் ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பழக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

இதைப் படித்தவுடன் 'பார்த்தியா, சில நாட்டுக்காரன் அப்படித்தான்' என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2002 இறுதியில், கட்டாதவர்களின் தூதரக நம்பர் பிளேட்டைப் பிடுங்கவும் பாக்கித் தொகையை அந்த நாட்டுக்குத் தரும் உதவிப் பணத்தில் கழிக்கவும் சட்டம் வந்தது. மீறல்கள் ஏறக்குறைய முழுவதுமாக நின்றுபோயின. நாட்டுக் குணம் என்று நாம் சொல்வது அவ்வளவு சீக்கிரம் மாறக்கூடியது என்றால், அது ரத்தத்தில் இல்லை, பழக்கத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் என் பழக்கம் எங்கிருந்து வந்தது?

*

மலேசியாவில் சம்மன் வந்தால் யாரும் உடனே கட்டுவதில்லை. 'டிஸ்கவுண்ட் வரும், வெயிட் பண்ணு' என்பதுதான் மாமாக் கடையில் கிடைக்கும் முதல் ஆலோசனை. காரணமும் உண்டு. வருஷம் தவறாமல் ஏதோ ஒரு கழிவு வரும். 2021 டிசம்பரில் 80 விழுக்காடு வரை தள்ளுபடி கொடுத்தார்கள். உடனே கட்டிய நல்லவன் முழுத் தொகை கொடுத்தான், இழுத்தடித்தவன் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்தான். இதைவிடத் தெளிவாக ஒரு பாடத்தைப் பள்ளிக்கூடத்தில்கூட நடத்த முடியாது. இந்த ஆண்டு ஜனவரி 1 முதல்தான் அதைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்கள். 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 30 நாளுக்குள் என்றால் 33 விழுக்காடு கழிவு, பிறகு முழுத் தொகை, அதற்கும் பிறகு கோர்ட்.

இஸ்ரேலில் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஒரு பரிசோதனை இதற்குப் பொருத்தமானது. யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிசினி என்ற ஆய்வாளர்கள் 2000இல் அதை வெளியிட்டார்கள். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை 'டீச்சர் நமக்காகக் காத்திருக்கிறாரே' என்று கூசிக்கொண்டு ஓடி வந்தவர்கள், இப்போது காசு கொடுத்து நேரம் வாங்குவதாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு அபராதத்தை ரத்து செய்தபோதும் பழைய கூச்சம் திரும்பி வரவில்லை.

அபராதம் ஒரு விலையாகிவிட்டால் அப்புறம் அதில் பேரம்தான் மிஞ்சும். மலிவாகக் கிடைத்தால் நல்லது, இலவசமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. பாகோ குப்பைத் தொட்டியில் நான் போட்டதை நூறு விழுக்காடு தள்ளுபடி என்றுதான் என் மனசு பதிவு செய்திருக்கும். இது என் தவறுக்குச் சாக்கு இல்லை. எங்கிருந்து கற்றுக்கொண்டேன் என்பதற்கான விவரம், அவ்வளவுதான். அதே ஊரில், அதே தள்ளுபடிகளுக்கு நடுவில் வளர்ந்த மாமா அந்தக் காகிதத்தை வீசியிருக்க மாட்டார்.

*

இரண்டாவது வாதம் கொஞ்சம் படித்த வாதம்: அது என் நாடு இல்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவர்களுக்கு நான் ஓட்டுப் போடவில்லை. எனக்கும் அந்தச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆச்சரியமாக, தத்துவத்தில் நேராக இந்த இடத்தையே தொட்டவர் ஒருவர் இருக்கிறார். 1689இல் ஜான் லாக் அரசாட்சி பற்றி எழுதிய நூலில், ஒரு நாட்டின் சட்டத்துக்கு மனிதன் வாய்திறந்து சொல்லாமலேயே எப்படிச் சம்மதிக்கிறான் என்று விளக்குகிறார். அங்கே நிலம் வைத்திருப்பது ஒரு வகை. ஒரு வாரம் தங்குவது இன்னொரு வகை. அந்த நாட்டின் சாலையில் சும்மா பயணம் போவதுகூடச் சம்மதம்தான் என்கிறார். கார் கண்டுபிடிப்பதற்கு இருநூறு வருஷம் முன்னாலேயே என் கேஸை எடுத்துப் பேசியிருக்கிறார் மனிதர்.

டேவிட் ஹ்யூம் 1748இல் இதைப் பலமாக மறுத்தார். வேறு மொழி தெரியாத, கையில் காசில்லாத ஓர் ஏழைக் குடியானவன் தன் நாட்டில் தொடர்ந்து இருப்பதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவன் நடுக்கடலில் குதிக்கவில்லை என்பதால் கப்பல் தலைவனுக்குச் சம்மதித்துவிட்டான் என்று சொல்வதைப் போன்றது அது என்றார். எனக்கு ஹ்யூம் சொல்வதுதான் நியாயமாகப் படுகிறது. நான் பினாங்கில் பிறந்ததற்கு யாரும் என்னிடம் கையெழுத்து வாங்கவில்லை.

ஆனால் யோசித்தால், ஹ்யூமின் மறுப்பு உள்ளூர்க்காரனுக்குத்தான் பொருந்துகிறது. வெளியூர்க்காரனுக்குப் பொருந்தவில்லை. என்னை யாரும் தூக்கத்தில் சிங்கப்பூருக்குக் கொண்டு போகவில்லை. கடப்பிதழ் எடுத்தேன், வரிசையில் நின்றேன், முத்திரை குத்தச் சொன்னேன். என் மாமாவின் கையெழுத்திட்ட கடிதம்கூடப் பையில் இருந்தது. வேண்டாம் என்றால் ஜொகூரிலேயே திரும்பியிருக்கலாம். சொந்த நாட்டுச் சட்டத்துக்கு நான் சம்மதித்தேனா என்பது கேள்விக்குரியது. அந்த ஒரு வார இறுதிக்குச் சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு நான் சம்மதித்தேன் என்பதில் சந்தேகமே இல்லை. வெளிநாடு என்பதால் என் கடமை குறைகிறது என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால் கூடுகிறது.

இந்த இடத்தில் 'விருந்தாளி' என்ற சொல்லை எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மலேசியத் தமிழனுக்கு அது முள் உள்ள சொல். மூன்று தலைமுறை இந்த மண்ணில் பிறந்து இறந்த பிறகும் 'வந்தேறி' என்ற சொல் எங்காவது காதில் விழும். விருந்தாளியாக அடக்கமாக இரு என்று என் சொந்த நாட்டில் யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதே கோபத்தைத் தூக்கிக்கொண்டு, நான் உண்மையிலேயே விருந்தாளியாக இருந்த இடத்திலும் அடங்க மறுப்பேன் என்றால் அது வெறும் முரட்டுத்தனம். திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. விருந்தாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குத் தனி அதிகாரம் இல்லை. அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

*

மூன்றாவது வாதம் எனக்கு மிகவும் பிடித்த வாதம்: அவர்கள் மட்டும் ஒழுங்கா?

சிங்கப்பூர் வண்டிகள் நம் நெடுஞ்சாலையில் பறந்துவிட்டு சம்மனைக் கட்டாமல் போவதைப் பற்றி நம் ஊரில் கேட்காத புலம்பல் இல்லை. பெரிய நாடுகளே கட்டுவதில்லை. லண்டனில் 2003இல் நகர மையத்துக்குள் வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் கொண்டுவந்தார்கள். பல தூதரகங்கள் அதைக் கட்ட மறுக்கின்றன. 2024இல் லண்டன் போக்குவரத்துத் துறை வெளியிட்ட பாக்கிப் பட்டியலில் அமெரிக்கா 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு மேல் முதலிடம், இந்தியா 80 லட்சம் பவுனுக்கு மேல். இதில் ஏழை மாணவன் நான் ஒரு பார்க்கிங் சீட்டைக் கிழித்தால் என்ன?

போதாததற்கு நாணய மாற்று. அவர்களுடைய ஒரு டாலர் அப்போது நம் காசுக்கு மூன்று வெள்ளி. அதே குற்றத்துக்கு அவன் அங்கே கட்டுவது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு, எனக்கு அது ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு. இந்தப் பக்கம் வந்தால் நம் 150 வெள்ளி சம்மன் அவன் கையில் 50 டாலர்தான். ஒரே குற்றத்தின் எடை பாலத்தைத் தாண்டும்போது மாறுகிறது. பின்லாந்தில் இதற்கென்றே வருமானத்தைப் பார்த்து அபராதம் போடும் முறை இருக்கிறது. 2002இல் நோக்கியா நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவருக்கு வேகமாக மோட்டார்சைக்கிள் ஓட்டியதற்காக 1 லட்சத்து 16 ஆயிரம் யூரோ அபராதம் போட்டார்கள், பிறகு மேல்முறையீட்டில் அது குறைந்தது. எல்லாருக்கும் ஒரே தொகை என்பது சமத்துவம் போலத் தெரியும், ஆனால் சமத்துவம் இல்லை. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது என்றே இன்னும் நினைக்கிறேன்.

ஆனால் நான் செய்தது அந்த உண்மைக்காகவா? லண்டனில் கட்ட மறுக்கும் தூதரகங்கள் வெளிப்படையாக ஒரு காரணம் சொல்கின்றன. அது வரி, 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி எங்களுக்கு வரி கிடையாது என்கின்றன. இல்லை, அது சேவைக் கட்டணம் என்கிறது லண்டன். அந்த வாதம் தவறாகவே இருக்கலாம், ஆனால் பெயரோடு முன்னால் நின்று வைக்கும் வாதம் அது. 1922இல் அகமதாபாத் நீதிமன்றத்தில் காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டு, சட்டம் தரக்கூடிய அதிகபட்ச தண்டனையைத் தனக்குத் தரும்படி கேட்டார். ஒரு சட்டம் அநியாயம் என்று நினைப்பவன் அங்கேயே நின்று அதைச் சொல்வான். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. காகிதத்தை நாசி லெமாக் இலையில் சுற்றிப் போட்டேன். நாணய மாற்று விகிதம் ஏழு வருஷம் கழித்து, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

*

இந்த மூன்று வாதத்திலும் ஒரு பொதுத் தன்மை இருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். மூன்றிலும் எனக்கு எதிரே நிற்பது ஓர் அரசாங்கம். முகமில்லாத, பணக்கார, வெளிநாட்டு அரசாங்கம். அதனிடம் ஐம்பதோ நூறோ தராமல் விட்டால் அதற்கு வலிக்கவா போகிறது?

ஆனால் அந்த இடத்துக்கு ஒருவர் மாதாமாதம் சந்தா கட்டிக்கொண்டிருந்தார். மழை கொட்டும் சனிக்கிழமை இரவு, பத்து மணிக்கோ பதினொரு மணிக்கோ அவர் வேலை முடிந்து வந்திருப்பார். லிஃப்டுக்குப் பக்கத்து இடங்களில் ஒன்று காலியாக இருக்கும் என்று நம்பியிருப்பார். பின்னால் தூங்கும் குழந்தை இருந்ததோ, நடக்க முடியாத அம்மா இருந்தாரோ, தெரியாது. அங்கே 'பி' என்று தொடங்கும் ஒரு மலேசிய சாகா நின்றது. அவரால் என்னிடம் எதுவும் கேட்க முடியாது. அவருக்குப் பதிலாகக் கேட்கத்தான் அந்தக் காகிதம் வைப்பருக்கு அடியில் வந்தது.

மனுநீதிச் சோழன் கதையை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். யோசித்தால் அதுவும் ஒரு சாலை விபத்துக் கேஸ்தான். இளவரசனின் தேரில் அடிபட்டுக் கன்று செத்துப்போனது. மந்திரிகள் பரிகாரம் செய்து முடித்துவிடலாம் என்றார்கள். இன்றைய பாஷையில் அபராதம் கட்டிவிடலாம் என்று. தன் மகனையே தேர்க்காலில் இட்ட அந்த முடிவை இன்று யாரும் ஏற்க மாட்டோம். எனக்குக் கதையில் பிடித்தது மணிதான். கன்றை இழந்த பசு வந்து இழுக்கிறது, ஓசை அரசன் காதில் விழுகிறது. பேசத் தெரியாத ஒன்று, கேட்க உரிமை இருக்கிறதா என்றுகூடத் தெரியாத ஒன்று, மணி அடித்துப் பதில் கேட்கிறது. யீஷூன் மனிதருக்காக அடித்த மணி அந்தக் காகிதம். நான் அதன் நாக்கைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

நம் ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியா பக்கம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள். ஒருவர் காருக்கு முன்னால் இன்னொருவர் டபுள் பார்க்கிங் போட்டிருப்பார். தப்புதான். ஆனால் பலரும் டேஷ்போர்டில் ஒரு தாளில் போன் நம்பரைப் பெரிதாக எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். அடைபட்டவர் போன் அடித்தால், வாயில் பாதி வடையோடு ஓடி வந்து "சாரி பிரதர், சாரி" என்று காரை எடுப்பார்கள். அந்த நம்பர் தப்பைச் சரியாக்காது. ஆனால் 'உனக்கு நான் தொந்தரவு கொடுத்திருக்கிறேன், என்னைக் கூப்பிடு, வருகிறேன்' என்று சொல்கிறது. சம்மன் கட்டுவதும் எனக்கு இப்போது அந்த நம்பரை எழுதி வைப்பது போலத்தான் படுகிறது. நான் நம்பர் எழுதாமல் போனேன். சரியாகச் சொன்னால், என்னுடைய நம்பருக்குப் பதிலாக மாமாவுடைய நம்பரை எழுதிவிட்டுப் போனேன்.

*

மாமா குளிக்கப் போயிருந்தபோது அத்தையிடம் ரசீதைக் காட்டி, "இது என்னத்தே?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"அதா? பாப்பாவுக்குத் தலைப்பிரசவம் ஆன சமயம்டா. காரு நெறைய பிரசவ மருந்து, நல்லெண்ணெ, பழைய வேட்டித் துணி, தொட்டில் கம்பி எல்லாம் ஏத்திக்கிட்டுப் போனோம். பார்டர்ல காரு உள்ள போகக் கூடாதுன்னுட்டாங்க. என்னமோ ஃபைன் கட்டலியாம். ஜொகூர்ல காரப் போட்டுட்டு, ரெண்டு பையத் தூக்கிக்கிட்டு பஸ்ல போனோம். கூட்டம்னா கூட்டம், எம்முட்டி வெந்துபோச்சு. மாப்பிள்ளதான் போன்ல காசு கட்டினாரு. உங்க மாமாவுக்கு மாப்பிள்ள மூஞ்சியப் பார்க்கவே முடியல. 'நாந்தான் மாப்பிள்ள மறந்துட்டேன்'ன்னு சொன்னாரு. மறதிக்காரரு!"

மாமா எதையும் மறப்பவர் இல்லை. காரின் ஆயில் மாற்றிய தேதியைக்கூட ஒரு நோட்டில் எழுதி வைப்பவர். ரசீதில் குற்றம் நடந்த தேதி இருந்தது. தேசிய தின விடுமுறையில் காரை யாருக்குக் கொடுத்தார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் மருமகன் முன்னால் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். ஆறு வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு முறை கார் கேட்டேன், சாவியைக் கொடுத்தார்.

வெளிநாட்டில் அபராதம் கட்டாமல் வந்தால் என்ன ஆகும் என்று தேடினால் திருப்பி அனுப்புவார்கள், பிடியாணை வரலாம், வண்டியை நிறுத்துவார்கள் என்றெல்லாம் வரும். எல்லாம் உண்மை. ஆனால் கட்டாதவனுக்கே அது நடக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தண்டனை வண்டி எண்ணைத் தேடிப் போகிறது. அந்த எண் யார் பேரில் இருக்கிறதோ அவர் கதவைத் தட்டுகிறது. என் தண்டனை, முட்டி வலியோடு பஸ் வரிசையில் நின்ற அத்தைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் தப்பித்துவிட்டேன் என்று எல்லா அர்த்தத்திலும் சொல்லலாம்.

*

இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து திரும்பும் வழியில் ஏ.டி.எம்.மில் நிறுத்தி, ரசீதில் இருந்த தொகையை நம் காசுக்குக் கணக்குப் போட்டு எடுத்தேன். சில நூறு வெள்ளிதான். காருக்குள் வந்து நீட்டினேன். மாமா பணத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

"வேணாம்" என்பார், "விடுடா" என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் மிச்ச வாழ்நாள் முழுக்கப் பெருந்தன்மையான ஒரு மாமாவைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். அவர் வாங்கிக்கொண்டார். நிதானமாக எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பேப்பரத் தூக்கிப் போட்டது சரி. சின்னப் பையன். ஏண்டா வந்து சொல்லல?"

என்னிடம் பதில் இல்லை. மறந்துவிட்டேன் என்பது உண்மைதான், ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் ஊருக்கு வந்த அன்றைக்கே அவர் கட்டியிருப்பார். எல்லையில் நின்றிருக்க வேண்டாம். "மாப்பிள்ளைகிட்ட நான் பேசட்டுமா மாமா?" என்று கேட்டேன்.

"பேசு. நான் மறதிக்காரன் இல்லன்னு சொல்லு. அத்தைகிட்டயும்தான்."

வழியில் தே தாரேக் குடிக்க நிறுத்தினோம். காசு அவர்தான் கொடுத்தார், என்னுடைய நோட்டிலிருந்தே. அன்றிரவு சிங்கப்பூருக்குப் போன் போட்டுப் பேசினேன். மருமகன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அவருன்னு நான் நம்பவே இல்ல" என்றார். அத்தை மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

யீஷூனில் அந்த மழை இரவு வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றிய மனிதருக்கு என்ன செய்வது என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை. மாமா அபராதம் கட்டினார், நான் மாமாவுக்குக் கட்டினேன், அரசாங்கத்தின் கணக்கு முடிந்தது. அவருடைய கணக்கு அப்படியே இருக்கிறது. அவர் யார் என்று தெரியாது, அவருக்கும் நான் யார் என்று தெரியாது. இப்போதெல்லாம் அவசரத்தில் எங்காவது தப்பாக நிறுத்த நேர்ந்தால், ஒரு தாளில் நம்பரைப் பெரிதாக எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். என் நம்பரை.